அசையாத உடலும் அறியும் உயிரும்

ஓர் உயிர் துன்புறுகின்றது என்பதை நாம் எவ்வாறு அறிகின்றோம்? அழுகுரல் கேட்டு அறிகின்றோம். முகச்சுளிப்பைக் கண்டு அறிகின்றோம். தீண்டினால் விலகி ஓடுவதைக் கொண்டு அறிகின்றோம். இம்மூன்றும் தசைகளின் செயல்கள். அங்ஙனமாயின், தசைகள் யாவும் முடங்கிப்போன ஓர் உடலில் உணர்வு மட்டும் எஞ்சியிருந்தால், அதன் துன்பத்தை நாம் எதைக் கொண்டு அறிவது? அடையாளம் ஒன்றும் தென்படவில்லை என்பதற்காகத் துன்பமே இல்லை என்று முடிவு கட்டலாமா?

இது பொழுதுபோக்கிற்காக எழுப்பிய வினா அன்று. தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த ஒரு நஞ்சு, பின்னர் அறுவை சிகிச்சைக்கு உதவும் மருந்தாக மாறியபோது, இவ்வினாவை மருத்துவ உலகின் முன் கொணர்ந்து நிறுத்தியது. அதற்கு மருத்துவ உலகம் சில வேளைகளில் சரியாகவும் சில வேளைகளில் தவறாகவும் விடை கூறியது. அஹிம்சையை வாழ்நெறியாகக் கொண்ட நம் குடும்பங்கள் அந்த வரலாற்றை அறிந்திருப்பது நலம் என்றெண்ணி இக்கட்டுரையை எழுதலானேன்.

அம்பு நுனியில் வந்த நஞ்சு

அமேசான், ஓரினோக்கோ ஆற்றுப் பகுதிகளிலும் கயானாவிலும் வாழும் பழங்குடியினர் சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சிக் குழம்பாக்கி அம்பு நுனியில் தடவி வேட்டையாடி வந்தனர். அந்நஞ்சின் பெயர் குராரே. அம்பு தைத்த விலங்கு சில நிமிடங்களில் தளர்ந்து விழும்; பின்னர் மூச்சு நின்று மடியும். அதன் ஊனை உண்பவர்க்குத் தீங்கு நேர்வதில்லை. குராரே இரத்தத்தில் கலந்தால் கொல்லுமே தவிர, குடல் வழியாக எளிதில் உடலுக்குள் ஏறுவதில்லை.

சார்லஸ் வாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1812-ஆம் ஆண்டில் கயானாக் காடுகளுக்குச் சென்று இந்நஞ்சைத் தேடிக் கொணர்ந்தார். 1814-இல் இலண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அது செலுத்தப்பட்டது. கழுதை விழுந்து மூச்சற்றது. உடனே அதன் மூச்சுக்குழலில் துளையிட்டு, துருத்தியால் காற்றைச் செலுத்தி வந்தனர். மணிக்கணக்கில் அவ்வாறு செய்தபின் நஞ்சின் வேகம் தணிந்தது. கழுதை எழுந்து நின்றது. வூராலியா எனப் பெயரிடப்பட்ட அக்கழுதை 1839 வரை வாட்டர்ட்டனின் பண்ணையில் உயிரோடு இருந்தது. இந்நஞ்சு உயிரை நேரே அழிப்பதில்லை, மூச்சை இயக்கும் தசைகளை முடக்குவதாலேயே மரணம் நேர்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

பூட்டும் சாவியும்

குராரே செய்யும் வேலையை இன்று மூலக்கூறு அளவில் அறிந்துள்ளோம். மூளையிலிருந்து புறப்படும் கட்டளை, நரம்பின் வழியே மின் துடிப்பாக ஓடிவந்து, தசையின் அருகே நின்றுவிடுகிறது. நரம்பு நுனிக்கும் தசைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்றுண்டு. அதனை மின் துடிப்பு தாண்டுவதில்லை. ஒரு வேதிப்பொருளே தாண்டுகிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். நரம்பு நுனியில் உள்ள நுண்பைகள் வெடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வெளிப்பட்டு எதிர்க்கரையில் உள்ள தசையை அடைகின்றன.

தசையின் மேற்பரப்பில் அவற்றை எதிர்கொள்ள ஏற்பிகள் காத்திருக்கின்றன. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவே ஒரு சிறு வாயிலைக் கொண்ட அமைப்பே ஏற்பி. அதில் அசிட்டைல்கோலின் அமர்வதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. இரண்டிலும் அது அமர்ந்தால் வாயில் நன்கு திறக்கும், சோடியம் அயனிகள் உட்பாயும், தசை சுருங்கும். வேலை முடிந்ததும் அங்கேயே இருக்கும் ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடும். நாம் ஒரு விரலை மடக்கும்போதும் இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நடந்து முடிகின்றன.

குராரேயின் சாரமான ட்யூபோகுராரின் அதே இடத்தில் போய் அமர்கிறது. ஆனால் வாயிலைத் திறப்பதில்லை. பூட்டில் நுழைந்து, திரும்ப மறுத்து, உரிய சாவியையும் உள்ளே விடாமல் நிற்கும் பொய்ச் சாவியைப் போன்றது அது. இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே போதும், அந்த ஏற்பி பயனற்றுப் போகும். இது இடத்திற்கான போட்டியே ஆகையால் மாற்றும் உண்டு. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை நியோஸ்டிக்மின் என்னும் மருந்தால் தடுத்தால், அசிட்டைல்கோலின் பெருகி, மருந்தின் பிடி தளரும் வேளையில் இழந்த இடங்களை மீட்டுக்கொள்ளும். தசையில் இத்தகைய ஏற்புப் பொருள் இருக்கவேண்டும் என்று 1905-ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி கருதினார். நிக்கோட்டினும் குராரேயும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்வதைக் கண்டே அவர் அம்முடிவுக்கு வந்தார்.

நம் வினாவுக்கு முதன்மையான செய்தி இனிமேல்தான் வருகிறது. ட்யூபோகுராரின் மின்னேற்றம் உடைய மூலக்கூறு. ஆதலால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. தோலிலிருந்து வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புகளின் பாதையிலும் இத்தசை ஏற்பிகள் இல்லை. இதயமும் தன் போக்கில் துடித்துக்கொண்டிருக்கும். எனவே மூச்சுக்கு வழிசெய்து இம்மருந்தை மட்டும் கொடுத்தால், கட்டளை வெளியே செல்லும் பாதை மட்டுமே அடைபடும். உணர்வு உள்ளே வரும் பாதை திறந்தே இருக்கும். உள்ளே இருப்பவர் விழித்தே இருப்பார்.

தவளையின் கால்

இதனைச் சோதனையால் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் ஒரு தவளையின் பின்னங்கால்களுக்கு இரத்தம் செல்லாதவாறு நூலால் இறுக்கிக் கட்டினார். நரம்புகளை மட்டும் கட்டில் அகப்படாமல் விட்டார். பிறகு உடலின் முற்பகுதியில் குராரேயைச் செலுத்தினார். முற்பகுதி முழுவதும் துவண்டது. அந்தத் துவண்ட பகுதியைக் கிள்ளியபோது அது சிறிதும் அசையவில்லை. ஆனால் நஞ்சு சேராத பின்னங்கால்கள் உதைத்துக்கொண்டன. கிள்ளலை உடல் அறிந்தது. அறிந்ததைத் தெரிவிக்க அந்த இரு கால்களே எஞ்சியிருந்தன.

பிணம் போலத் தோன்றும் உடலுக்குள் உணர்வு விழித்திருக்கக்கூடும் என்று பெர்னார்டு 1864-இல் விரிவாக எழுதினார். அவ்வாறு எழுதியவரே, விலங்குகள் அசையாதிருக்கும் பொருட்டுக் குராரே செலுத்திச் சோதனைகள் செய்தார் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. அவருடைய மனைவியும் மகள்களும் அத்தகைய சோதனைகளை எதிர்த்தவர்கள். அறிவு வந்த இடத்தில் இரக்கம் தானே வந்துவிடும் என்று நாம் நம்பிவிடலாகாது. 1876-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியபோது, குராரேயை வலி நீக்கும் மயக்க மருந்தாகக் கருதலாகாது என்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தது. அசைவற்ற விலங்கைக் காட்டி, இதற்கு வலியில்லை என்று ஒருவர் சொல்வதற்கு இடம் தரலாகாது என்பதே அதன் கருத்து.

பேசத் தெரிந்த சாட்சி

தவளையின் கால் உதைத்தது முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலாக இருக்கலாம், அதனால் அது வலியை அறிந்தது என்று ஆகிவிடாது என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஐயம் தீர வேண்டுமானால், மருந்து ஏறிய நிலையில் கிடந்து, பின்னர் எழுந்து வந்து சொல்லக்கூடிய சாட்சி வேண்டும்.

1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஹரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குடல்வால் அறுவை சிகிச்சையில் ஓர் இளைஞருக்கு மயக்க வாயுவோடு குராரே மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். தசைகள் நன்கு தளர்ந்தன. அதற்குமுன் அத்தகைய தளர்ச்சி வேண்டுமானால் மயக்க மருந்தை ஆபத்தான அளவுக்கு மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே இது உயிர்காக்கும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் ஒரு குழப்பம் தலைதூக்கிற்று. பேரளவில் கொடுத்தால் குராரேயே நினைவையும் போக்கிவிடும் என்று மருத்துவர் சிலர் கருதலாயினர்.

அதனைத் தீர்க்க அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஸ்காட் ஸ்மித் தம் உடலையே கொடுத்தார். மூச்சுத் தசைகளை முடக்கப் போதுமான அளவைப்போல் இரண்டரை மடங்கு ட்யூபோகுராரின் அவருக்குச் செலுத்தப்பட்டது. உடன் பணிபுரிந்தோர் செயற்கைச் சுவாசம் அளித்தனர். இமையும் அசையாத நிலையில் அவர் கிடந்தார். மருந்து விலகி எழுந்தபின், அந்நேரத்தில் தம்மைச் சுற்றி நடந்தவற்றையும் பேசியவற்றையும் தாம் உணர்ந்தவற்றையும் எடுத்துரைத்தார். அவரது அறிவு ஒரு கணமும் மங்கவில்லை. 1947-இல் வெளியான அவ்வறிக்கை ஐயத்தைத் தீர்த்தது. பிற உயிரை வருத்தாமல் தம்மையே சோதனைக்கு ஆளாக்கிக்கொண்ட அம்மருத்துவரின் செயல் போற்றத்தக்கது.

பேச இயலாத மழலை

ஸ்மித் எழுந்து பேசினார், உலகம் கேட்டது. எழுந்து பேச இயலாதவர் நிலை என்ன? அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஆகியும், பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகளுக்குப் பல இடங்களில் தசைத்தளர்த்தி மருந்தும் மென்மையான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை நடந்து வந்தது. மருத்துவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை, எனவே வலி பெரியவர்க்குரியது போன்றதன்று என்று எண்ணினர். வலிமையான வலி மருந்து அந்தச் சிறு உயிரைத் தாங்கவிடாது என்றும் அஞ்சினர். குழந்தையும் அசையாமல் கிடந்தது. அசைவதற்கு வழியை அடைத்தவர்கள் தாமே என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த மருத்துவர் ஆனந்தும் அவருடைய தோழர்களும் 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைமாதத்தில் பிறந்து, இதயத்தருகே ஓர் இரத்தக் குழாயை மூடும் அறுவைக்கு ஆளான பதினாறு குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். அனைவருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் ட்யூபோகுராரினும் கொடுக்கப்பட்டன. எட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் ஃபென்டனில் என்னும் வலி மருந்து சேர்க்கப்பட்டது. வலி மருந்து பெறாத குழந்தைகளின் இரத்தத்தில், உடல் பெருந்துயருக்கு ஆளானதைக் காட்டும் சுரப்புகள் மிகுந்திருந்தன. அறுவைக்குப் பின் நேர்ந்த தொல்லைகளும் அவர்களுக்கே மிகுதி. முகம் சொல்லாததை இரத்தம் சொல்லிற்று. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பச்சிளங்குழந்தைகளுக்கும் உரிய வலி நீக்கம் வேண்டும் என்று அறிவித்தது.

கட்டிவைத்த கை

தவளைக்குப் பெர்னார்டு கட்டிய நூலை மனிதர்க்கு நன்மையாக மாற்றியவர் டன்ஸ்டால் என்னும் மருத்துவர். 1977-இல் அவர் ஒரு முறையை வெளியிட்டார். தசைத்தளர்த்தி மருந்தைச் செலுத்துவதற்கு முன்னே நோயாளியின் ஒரு கையில் பட்டையால் அழுத்தம் கொடுத்து இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவார். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாது. உடல் முழுதும் முடங்கிய பின்னும், உள்ளே விழிப்பிருந்தால், சொன்னபடி அந்தக் கையை அசைத்துக் காட்டலாம்.

பல நாட்டு மருத்துவமனைகள் கூடி இம்முறையால் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் 260 பேருள் 12 பேர், சுவாசக்குழாய் பொருத்தியபின் கட்டளைக்கு இணங்கிக் கையை அழுத்தினர். அவர்களுள் ஐவர் தமக்கு வலி உண்டு என்று மீண்டும் அழுத்தித் தெரிவித்தனர். இத்தகைய ஆய்வுகளில் கையசைத்தவருள் பெரும்பாலோர்க்குப் பின்னர் அந்நினைவு இருப்பதில்லை. நினைவோடு வந்து சொன்னவர்களைக் கணக்கிட்ட பிரிட்டன்–அயர்லாந்து ஆய்வு 2014-இல் தந்த எண் வேறு. ஏறத்தாழ 19,000 அறுவைகளில் ஒன்றில்தான் அத்தகைய முறையீடு எழுந்தது. தசைத்தளர்த்தி மருந்து பயன்பட்டவற்றில் அது சுமார் 8,000-த்தில் ஒன்று. பயன்படாதவற்றில் 1,36,000-த்தில் ஒன்று.

அறுவை சிகிச்சைக்குச் செல்வோர் இதைப் படித்து அஞ்ச வேண்டா. இன்று வெக்குரோனியம், ரோக்குரோனியம் போன்ற தசைத்தளர்த்தி மருந்துகள் உரிய மயக்க மருந்தோடும் வலி மருந்தோடும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. எண்ணற்ற உயிர்களை அவை காத்து வருகின்றன.

ஆனால் அறநோக்கில் ஒரு வினா எஞ்சுகிறது. கையை அழுத்தி வலியைச் சொன்னவர், விழித்தபின் அதை மறந்துவிட்டார் எனில், அந்த வலி நேரவே இல்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. நேற்று நம்மால் வருந்திய குழந்தை இன்று அதை மறந்து சிரிப்பதால், நேற்றைய நம் செயல் தூய்மையாகி விடுவதில்லை. மறதி அவ்வுயிருக்கு ஆறுதல். நமக்கு மன்னிப்பு ஆகாது.

யாருக்காக அந்த அமைதி?

அசைவின்மை யாருக்கு உதவுகிறது என்பதையும் எண்ண வேண்டும். அறுவை அறையில் அது நோயாளிக்கு உதவுகிறது. அமெரிக்காவில் ஊசிவழி மரண தண்டனை நிறைவேற்றியபோது, மயக்க மருந்தோடு பான்குரோனியம் என்னும் தசைமுடக்க மருந்தும் சேர்க்கப்பட்டு வந்தது. கென்டக்கி மாநிலத்தின் அம்முறை 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. தீர்ப்புடன் இணங்கிய நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் தனிக்கருத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அம்மாநிலத்தில் விலங்குகளை வலியின்றி மடியச் செய்வதற்கு இத்தகைய முடக்க மருந்தைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டிருந்தது. மனிதர்க்கோ அது அனுமதிக்கப்பட்டது. அங்கே முடக்கம் சாவோனுக்கு உதவவில்லை; பார்த்திருப்போரின் மனம் நோகாமல் இருக்க உதவிற்று. துன்பத்தைக் குறைப்பது ஒன்று. துன்பத்தின் தோற்றத்தைக் குறைப்பது மற்றொன்று. பின்னதை முன்னதென்று எண்ணி மனநிறைவு அடைவதே நாம் அஞ்ச வேண்டிய பிழை.

நிற்பனவும் இயங்குவனவும்

நம் அறநூல்கள் உயிர்களை இயங்குவன, நிற்பன என்று பகுத்தன. ஐம்பொறி உடையன முதல் தொடு உணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர் ஈறாக வகுத்தன. தொல்காப்பியத்தின் மரபியலிலும் அறிவின் அளவால் உயிர்களை வகைப்படுத்தும் முறையைக் காணலாம். இப்பகுப்பில் நிற்பதும் உயிரே. இயங்காமை உயிரின்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்படவில்லை.

இதனால், செடிக்கும் வலி உண்டென்று குராரே மெய்ப்பித்துவிட்டது என நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது உண்மைக்குப் புறம்பு. செடிக்கு நரம்பில்லை, தசையில்லை, மேலே சொன்ன ஏற்பி அமைப்பும் இல்லை. நம் சமயக் கொள்கையை அறிவியலின் தோளில் ஏற்றிவைக்கும் ஆசை நமக்கு வேண்டா. இந்த வரலாறு காட்டுவது அதனினும் சிறியது, ஆனால் உறுதியானது: அடையாளம் தென்படாமை, துன்பம் இல்லாமைக்குச் சான்றாகாது. சான்று இல்லாத இடத்தில் ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது? செய்பவன் தன் வசதிக்காக எடுத்துக்கொள்வதா, படக்கூடிய உயிருக்குக் கொடுப்பதா? நம் வீட்டு மூதாட்டியர் நீரை வடிகட்டிப் பருகியபோதும், பொழுது சாய்ந்தபின் அடுப்பை மூட்டாதபோதும், கண்ணுக்குத் தெரிந்த துன்பத்தைக் கண்டு அவ்வாறு செய்யவில்லை. இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பிரமாதம் எனப்படும் அசட்டையே ஹிம்சையின் வேர் என்று ஆசாரியர்கள் கூறியதன் பொருள் இதுவே. அந்த அறுவை அறைகளில் பகைமை இல்லை, கொடுமை இல்லை, அசட்டை ஒன்றே இருந்தது. அதுவே போதுமானதாயிற்று.

இன்னொரு கடனையும் மறைத்தல் தகாது. இந்த அறிவில் ஒரு பங்கு கழுதையின், தவளையின், பெயரறியா விலங்குகளின் துன்பத்தால் வந்தது. இன்று அறுவை மேசையில் கண்மூடும் நாம் ஒவ்வொருவரும் அதன் பயனை நுகர்கின்றோம். நடந்ததை மாற்ற இயலாது. அந்த அறிவு கற்பித்த பாடத்தைப் பேசாத உயிர்களின் பக்கம் நின்று கடைப்பிடிப்பதே, நாம் செலுத்தக்கூடிய சிறு வட்டி.

நம் இல்லங்களில்

நம் நாட்டு நல்ல பாம்பின் நஞ்சிலும் இதே ஏற்பியில் அமர்ந்து தசையை முடக்கும் புரதம் ஒன்றுண்டு. அதனால் தீண்டப்பட்டுச் செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவர் இமை திறவார், விரல் அசையார், ஆயினும் சுற்றிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவற்றுக் கிடக்கும் எவர் அருகிலும், அவர் கேட்கிறார் என்று கொண்டே பேசுங்கள். அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள். இன்ன நாள், இன்ன வேளை என்று சொல்லுங்கள். ஊசி போடுமுன் சொல்லுமாறு செவிலியரைப் பணிவுடன் வேண்டுங்கள். சொத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் அக்கட்டிலருகே பேசாதீர்கள். கேட்கவில்லை எனில் இழப்பு ஒன்றுமில்லை; கேட்டிருந்தால் நீங்கள் அளித்தது அபய தானம்.

மருந்தால் மட்டும் மனிதர் முடங்குவதில்லை. முதுமையால் நாத்தளர்ந்த பெற்றோர், அச்சத்தால் வாய் திறவாத பணிப்பெண், மரியாதை கருதி மறுசொல் பேசாத மருமகள் ஆகியோர் நம் கூரையின் கீழேயே இருக்கலாம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே குறையொன்றும் இல்லை என்று நாம் நம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். டன்ஸ்டால் செய்தது மிக எளிய செயல். உடலெல்லாம் முடங்கினும் ஒரு கை மட்டும் தன் நிலையைச் சொல்ல வழிவிட்டார். பின்னர் அந்தக் கையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் அவ்வாறு ஒரு கையை விட்டுவைத்திருக்கின்றோமா, அது அசைகிறதா என்று பார்க்கின்றோமா என்பதை இன்று மாலை, தியானத்திற்கு அமரும்போது, நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.